ஊதினால் பூஜ்யம்

24 ஆகஸ்ட் 2025, இரவு 9.50

ஒரு கேள்வி. கேள்வி என்றுகூடச் சொல்ல வேண்டாம், என் முடிவையே சொல்லிவிடுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். வாகனச் சோதனையில் ஊதச் சொல்கிறார்கள். கருவி பூஜ்யம் காட்டுகிறது. அதன்பிறகு அந்த ஓட்டுநரை ஒரு நிமிடம்கூட நிறுத்திவைக்கப் போலீசுக்கு அதிகாரம் கிடையாது. அவன் கஞ்சா இழுத்திருக்கலாம், மாத்திரை போட்டிருக்கலாம். அதைக் காட்டும் கருவி அவர்கள் கையில் இல்லை. கருவி இல்லாத இடத்தில் வழக்கு எங்கிருந்து வரும்?

இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம், நானே அனுபவித்தவன். 2013, ஓணத்துக்கு முந்தைய வாரம். தோவாளையிலிருந்து கேந்தியும் அரளியும் வாடாமல்லியும் ஏற்றிக்கொண்டு மினி லாரியில் திருவனந்தபுரம் போய்க்கொண்டிருந்தேன். விடியற்காலை மூன்று மணி வாக்கில், எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார்கள். ஊதினேன், பூஜ்யம். இன்னொரு முறை ஊதச் சொன்னார்கள், அதுவும் பூஜ்யம். எனக்கு ஜலதோஷம், ஒரு மாத்திரை போட்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த எஸ்.ஐ. சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். பூ முழுக்க வெந்துபோனது. குவித்து வைத்த கேந்தி எப்படிச் சூடேறும் என்று தோவாளைக்காரர்களுக்குத் தெரியும். உள்ளே கையை விட்டால் இட்லிக் கொப்பரை. போதாக்குறைக்கு அன்று லோடு ஏற்றும்போது எவனோ இடப்பக்கக் கண்ணாடியை வேறு உடைத்துவைத்திருந்தான். ஓணத்து லாபம் அந்த ஒரே இரவில் போனது.

எந்தச் சட்டத்தில் அவர் என்னை உட்கார வைத்தார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

25 ஆகஸ்ட் 2025, காலை 6.15

பதில் சொன்ன நண்பர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "185-ஐ முழுதாகப் படியுங்கள்." படித்தேன். மானம் போனது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதில் 185-ஆவது பிரிவுக்கு இரண்டு கால்கள் உண்டு. முதல் கால் மது: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் என்று கருவி காட்டினால் குற்றம். நீ தள்ளாடினாயா, நேராக நின்று திருக்குறள் சொன்னாயா என்பதெல்லாம் அங்கே பேச்சில்லை. இரண்டாவது கால் போதைப்பொருள். அங்கே எண்ணே கிடையாது. வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு அதன் பிடியில் இருந்தானா என்பது மட்டும்தான் கேள்வி. ஆகவே பூஜ்யம் காட்டிய கருவி முதல் காலைத்தான் மூடுகிறது. இரண்டாவது கால் திறந்தே கிடக்கிறது.

தண்டனை இரண்டுக்கும் ஒன்றே: முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு ஆண்டு வரை, 15,000 ரூபாய். 2019 திருத்தத்துக்கு முன்னால் முதல் முறைக்கு 2,000 ரூபாய்தான்.

"போலீசுக்கு அதிகாரம் கிடையாது" என்று நேற்று எழுதியதை அடித்துவிடுங்கள். பூ வெந்தது மட்டும் உண்மை.

25 ஆகஸ்ட் 2025, இரவு 11.05

அத்தானுக்குப் போன் செய்தேன். அக்காவின் வீட்டுக்காரர், எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வுபெற்றவர், குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில்தான் பாதி சர்வீஸ். அவரிடம் சட்டம் கேட்டால் சாப்பாடு ஆறிப்போகும் என்று அக்கா சொல்வாள். முக்கால் மணி நேரம் பேசினார். நினைவில் நின்றதை எழுதுகிறேன்.

முதலில் கண்ணையோ மூச்சையோ பார்ப்பதில்லையாம், வண்டியைத்தான் பார்ப்பார்களாம். "குடித்தவன் வேகமாக வருவான் மக்களே. கஞ்சாக்காரன் பெரும்பாலும் மெதுவாக வருவான். முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவே ஒரு கல்யாண ஊர்வலம் போகிற அளவு இடம் விடுவான். தூக்க மாத்திரைக்காரன் கோட்டைத் தாண்டுவான், திடுக்கிட்டு ஒடிப்பான், மறுபடி தாண்டுவான். கை காட்டினால் நம்மைத் தாண்டிப் போய் நிறுத்துவான்."

நிறுத்திய பிறகு இரண்டு காரியத்தை ஒன்றாகச் செய்யச் சொல்வாராம். உரிமத்தை எடு, எடுத்துக்கொண்டே எங்கிருந்து வருகிறாய் என்று சொல். தெளிவாக இருப்பவன் இரண்டையும் சேர்த்துச் செய்வான். மற்றவன் பதில் சொல்லும்போது கையை நிறுத்திவிடுவான், கை தேடும்போது வாயை நிறுத்திவிடுவான், அல்லது உரிமம் கேட்டால் ஆர்.சி. புத்தகத்தை நீட்டுவான். வழக்கு எழுதும் அளவுக்குச் சந்தேகம் வந்தால் வண்டியை ஓரம் கட்டி, ஆளைக் கைது செய்து, மெமோ எழுதி அரசு மருத்துவமனைக்கு. சட்டத்தின் 202-ஆவது பிரிவு ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறது: கைது செய்த இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். தவறினால் விட்டுவிட வேண்டும்.

இரண்டு மணி நேரம் தாராளமாகத் தெரிகிறது, இல்லையா? அத்தான் சிரித்தார். களியக்காவிளையில் பிடித்தால் குழித்துறை பக்கம்தான். அங்கே டூட்டி டாக்டர் பிரசவத்தில் இருப்பார். தக்கலைக்கு விரட்டினால் நடுவில் மார்த்தாண்டம். எம்-சாண்ட் டிப்பர்கள் வரிசை கட்டி நிற்கிற நேரமாக இருந்தால் ஜீப்பின் சைரன் அவர்களுக்குத் தாலாட்டு. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு முறை மெமோவில் கைது நேரத்தை எழுதிய ஏட்டு, 1.10 என்பதன் முதல் ஒன்றை அழுத்தாமல் விட்டுவிட்டாராம். நீதிமன்றத்தில் அது 0.10 ஆகி, இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது என்று வக்கீல் வாதாடினார். ஒரு கோடு. அவ்வளவுதான்.

வண்டியை என்ன செய்வார்கள் என்று கேட்ட தம்பிக்கு: அதே பிரிவில் இருக்கிறது. ஓட்டுநரைக் கைது செய்கிற போலீசே வண்டிக்குத் தற்காலிக ஏற்பாடு செய்ய வேண்டும். நடைமுறையில் தெளிவாக இருக்கிற வேறொரு ஓட்டுநரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பார்கள். அதுவரை ஸ்டேஷன் வாசல்.

26 ஆகஸ்ட் 2025, காலை 7.40

அமெரிக்காவில் இதற்கென்றே பயிற்சி பெற்ற போலீஸ்காரர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் போலீசில் 1970-களில் தொடங்கிய முறை. மொத்தம் பன்னிரண்டு படி: மூச்சுச் சோதனை, பிடித்த போலீசை விசாரிப்பது, நாடித்துடிப்பு, கண், ஒற்றைக் காலில் நிற்பது, கோட்டில் நடப்பது, இருட்டறையில் கண்மணியின் அளவு, தசை இறுக்கம், ஊசித் தழும்பு, வாக்குமூலம், கடைசியில் ரத்தமோ சிறுநீரோ. போதைப்பொருள்களை ஏழு வகையாகப் பிரித்து, எந்த வகைக்கு உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று அட்டவணை வைத்திருக்கிறார்கள்.

அத்தானிடம் சொன்னேன். "பன்னிரண்டு படியா? எங்கள் ஸ்டேஷனில் மூன்று படிதான் உண்டு. ஏறுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்."

26 ஆகஸ்ட் 2025, இரவு 10.20

அந்தப் பன்னிரண்டில் ஒன்றை வீட்டில் செய்து பார்த்தோம். கால்களைச் சேர்த்து நின்று, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, முப்பது விநாடி ஆகிவிட்டதாகத் தோன்றும்போது சொல்ல வேண்டும். போதைப்பொருள் உள்ளே இருந்தால் அந்த உள்கடிகாரம் முந்தும் அல்லது பிந்தும் என்பது கணக்கு. மகன் 24-இல் சொன்னான். மனைவி 29. குக்கர் விசிலை வைத்தே காலத்தை ஓட்டுகிறவள், அவளோடு போட்டி போட முடியாது. நான் 41. சாயா தவிர எதுவும் குடிக்கவில்லை.

ஒற்றைக் கால் சோதனையில் துணி காயப்போடும் ஸ்டாண்டோடு விழுந்தேன். 65 வயதைத் தாண்டியவர்கள், முழங்கால், முதுகு, உட்செவிக் கோளாறு உள்ளவர்கள், மிகுந்த எடை உள்ளவர்கள் இதில் தடுமாறலாம் என்று அந்தப் பயிற்சி ஏடே ஒப்புக்கொள்கிறது. எனக்கு வயது 56. எடைப் பேச்சு இங்கே வேண்டாம்.

27 ஆகஸ்ட் 2025, மதியம் 2.00

"கண் சிவந்திருந்தால் கஞ்சா" என்று ஒரு அன்பர் எழுதியிருக்கிறார். அவர் நம் மாவட்டத்துக்காரர் இல்லை என்பது நிச்சயம்.

அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்கள் இருட்டோடு எழுந்து நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்கள். பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம், உறையாமல் வைக்க அம்மோனியா, ஷீட் காயவைக்கப் புகைக்கூடு. இவற்றில் ஒன்று போதும், கண் செம்பருத்திப் பூப்போல ஆகிவிடும். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் இரவு முழுக்கக் கடலில் கிடந்துவிட்டுக் கரையேறி பைக்கை எடுக்கிறவர் கண் வெள்ளையாகவா இருக்கும்? சிவந்த கண்ணைப் பிடிப்பதென்றால் காலை ஏழு மணிக்கு மாவட்டத்தில் பாதிப் பேரை ஜீப்பில் ஏற்ற வேண்டும்.

கண்மணியின் அளவுதான் கொஞ்சம் நம்பகமானது. அபின் வகை, அதைச் சேர்ந்த வலி மாத்திரை என்றால் அது ஊசிமுனையாகச் சுருங்கும், இருட்டிலும் விரியாது. கிளர்ச்சியூட்டும் வகை என்றால் விரிந்து நிற்கும், டார்ச் அடித்தாலும் மெதுவாகத்தான் சுருங்கும். ஆள் பல்லை நெரித்துக்கொண்டே இருப்பான். தூக்க மாத்திரை என்றால் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கண் வழுக்காமல் துள்ளித் துள்ளிப் பின்தொடரும், விழிநடுக்கம் என்கிறார்கள். மதுவுக்கும் அதே துள்ளல் உண்டு. கஞ்சாவுக்குக் கிடையாது. ஆகவே வாடையில்லை, கருவியில் பூஜ்யம், ஆனால் கண் துள்ளுகிறது என்றால் மாத்திரைப் பக்கம் சந்தேகம் போகும். பஞ்சர் ஒட்டும் பசையை முகர்கிற பையன்களுக்கும் துள்ளும். அங்கே வாடையே காட்டிக்கொடுத்துவிடும்.

இதெல்லாம் சந்தேகத்தை ஒரு பக்கம் திருப்புவதற்குத்தான். எந்தப் பொருள் என்று சொல்ல ஆய்வகம் வேண்டும்.

28 ஆகஸ்ட் 2025, இரவு 9.30

ஆய்வகம் என்று சொன்னதும் நேராகச் சிறுநீருக்குப் போய்விட்டீர்கள் நிறையப் பேர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்: ஒரு குப்பி, ஒரு பட்டை, இரண்டு கோடு, முடிந்தது.

இங்கேதான் சிக்கல். கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். புகைத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய், அடுத்த சில மணி நேரத்தில் சரசரவென்று இறங்கிவிடும். கல்லீரல் அதை வேறொன்றாக மாற்றுகிறது. அந்த மாறிய பொருளுக்குப் போதை கிடையாது, ஆனால் சிறுநீரில் நாள்கணக்கில் வந்துகொண்டிருக்கும். தினமும் புகைக்கிறவனுக்கு வாரக்கணக்கில். பட்டையில் தெரிவது அதுதான். போன ஞாயிற்றுக்கிழமை முட்டத்துக் கடற்கரையில் புகைத்தவன் வியாழக்கிழமை தெளிந்த தலையோடு வண்டி ஓட்டினாலும் பட்டை அவனைக் காட்டிக்கொடுக்கும். புகைத்தான் என்பது நிரூபணமாகும். அந்த நேரத்தில் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தான் என்பது ஆகாது. 185 கேட்பது இரண்டாவதை.

ரத்தம் அன்றைய கணக்கைச் சொல்லும். தாமதித்தால் அதையும் அழித்துவிடும். இரண்டு மணி நேரக் கடிகாரத்துக்கு இப்போது வேறொரு அர்த்தம் தெரிகிறதா? நான் அதைக் கைதானவனுக்கான பாதுகாப்பு என்று மட்டும் நினைத்திருந்தேன்.

எச்சிலைச் சோதிப்பது நடுவழி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரில் சாலையோரத்தில் தொடங்கியது. இங்கிலாந்தில் 2015 மார்ச் முதல் போதைப்பொருளுக்கும் மது போலவே ரத்தத்தில் எண் வைத்துவிட்டார்கள், டி.எச்.சி.க்கு ஒரு லிட்டர் ரத்தத்தில் 2 மைக்ரோகிராம். சாலையில் எச்சில், சந்தேகம் உறுதியானால் ஸ்டேஷனில் ரத்தம். அங்கே தள்ளாடினானா என்று யாரும் கேட்பதில்லை. நமக்குப் பக்கத்தில் கேரளப் போலீஸ் 2022-இல் எச்சிலைச் சோதிக்கும் வசதியோடு வேன் இறக்கியது. பாறசாலை தாண்டினால் வாயைத் திற, இந்தப் பக்கம் ஊது. எல்லையோரத்து ஓட்டுநர்களுக்கு மாநில வித்தியாசம் இப்போது வாயிலேயே தெரியும்.

29 ஆகஸ்ட் 2025, காலை 6.50

திருத்தம். நேற்று ரத்தம் எடுப்பதை 204-ஆவது பிரிவில் அடக்கிவிடலாம் என்பதுபோல ஒருவருக்குப் பதில் எழுதினேன். தப்பு. அந்தப் பிரிவு மதுவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது: ஊதியதில் மது தெரிந்தாலோ, ஊத மறுத்தாலோ ரத்தம் கேட்கலாம். ஒழுங்காக ஊதி பூஜ்யம் வாங்கியவன் அதற்குள் சரியாக உட்காரமாட்டான். அவனுக்கு வழி வேறு சட்டத்தில் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ஆவது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53. கைதானவனைப் பரிசோதித்தால் சாட்சியம் கிடைக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் கேட்டுக்கொண்டபடி மருத்துவர் ரத்தம் உட்பட எடுத்துப் பரிசோதிக்கலாம்; நியாயமான அளவு பலத்தையும் பயன்படுத்தலாம்.

மறுத்தால் தப்பலாம் என்று யோசனை சொன்ன அண்ணனுக்கு: ஊதவோ ரத்தம் கொடுக்கவோ தகுந்த காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பையே அவனுக்கு எதிரான சாட்சியத்துக்குத் துணையாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 205.

30 ஆகஸ்ட் 2025, இரவு 10.45

இன்று அத்தான் வீட்டுக்கே போயிருந்தேன். மரச்சீனிக்கிழங்கும் சாளைமீன் குழம்பும். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது, சர்வீசில் தன்னை இன்றைக்கும் உறுத்துகிற ஒன்றைச் சொன்னார்.

திங்கள்சந்தைப் பக்கம் ஒரு மதியம். வேன் ஒன்று மெதுவாக வந்து மைல்கல்லில் முட்டி நின்றது. இறங்கிய ஓட்டுநர் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். பேச்சு குழறுகிறது. பெயரைக் கேட்டால் ஊரைச் சொல்கிறார். வாடை இல்லை, ஊதினால் பூஜ்யம். மாத்திரைக் கேஸ் என்று முடிவுகட்டி, ஸ்டேஷனில் தரையில் உட்காரவைத்துவிட்டார்கள். ரைட்டர் மெமோ எழுதி முடிக்க நாற்பது நிமிடம். மருத்துவமனையில் இருந்த இளம் டாக்டரம்மா கண்ணைப் பார்க்கவில்லை, நடக்கச் சொல்லவில்லை. விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். சர்க்கரை 38. இன்சுலின் போட்டுவிட்டுக் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்ட மனிதர். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து, "என் வண்டி எங்கே சார்?" என்று கேட்டாராம்.

"இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் அந்த மனிதர் என் ஸ்டேஷன் தரையிலேயே போயிருப்பார் மக்களே."

அன்றிலிருந்து அத்தான் முதலில் கேட்பது பெயரை அல்ல. "சாப்பிட்டாயா? ஏதாவது மருந்து உண்டா?" ஜீப்பில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்குமாம். தலையில் அடிபட்டவன், பக்கவாதம் தொடங்கியவன், வலிப்பு வந்து முடிந்தவன் எல்லாருமே பார்வைக்குப் போதைக்காரன் மாதிரிதான் இருப்பார்கள். பரிசோதிக்கும் மருத்துவர் முதலில் அவற்றைத் தள்ளிவைக்க வேண்டும். போதையா என்பது அதற்குப் பிறகு.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று நினைவுக்கு வந்தது. 2013-இல் அந்த எஸ்.ஐ.யும் என்னிடம் இதே இரண்டு கேள்வியைத்தான் கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டபோது கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு கட்டஞ்சாயாவும் இரண்டு பிஸ்கட்டும் வாங்கித்தந்தார். முதல் குறிப்பில் இதை எழுதவில்லை. மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

31 ஆகஸ்ட் 2025, மாலை 5.15

வண்டியில் பொட்டலம் கிடைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சுருக்கமாக. அது வேறு சட்டம், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம். வைத்திருந்ததற்கு ஒரு வழக்கு. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, அங்கே ஜாமீன் குதிரைக்கொம்பு. புகைத்ததற்கு 27-ஆவது பிரிவில் தனியாக ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடம்பைச் சோதிப்பதானால் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கச் சொல்லும் உரிமை உண்டு என்று முதலில் தெரிவிக்க வேண்டும். அது மடியைத் தடவுவதற்கு. பூக்கூடையைப் பிரிக்க அது தேவையில்லை. அடிமையானவன் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் சிறிய அளவு வழக்கிலும் புகைத்த வழக்கிலும் விலக்கு பெற 64ஏ-இல் வழி இருக்கிறது. பையன் இதில் விழுந்துவிட்டான் என்று தனியாக எழுதிய அம்மாவுக்கு: நல்ல வக்கீலிடம் இந்த ஒரு பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

1 செப்டம்பர் 2025, இரவு 11.30

"டாக்டர் தள்ளாடுகிறான் என்று எழுதிக்கொடுத்தால் போதாதா, ரத்தம் எதற்கு" என்று கேட்டவருக்கு. 1971-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன மகாராஷ்டிரக் கார் விபத்து வழக்கு ஒன்று. மூச்சில் வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி, நான்கும் பதிவாகியிருந்தன. ரத்தமோ சிறுநீரோ சோதிக்கவில்லை. இவற்றை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்ற முடிவுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வாடை அடிக்கிற மதுவுக்கே இந்தக் கதி.

மறுபக்கமும் உண்டு. ரத்தம் மட்டும் இருந்து, ஆள் எப்படி இருந்தான் என்பது பதிவாகாவிட்டாலும் இரண்டாவது கால் நொண்டும். "மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் ஆளுகையில் இல்லை" என்று மருத்துவர்கள் எழுதுகிற ஒரு வாக்கியம் ஸ்டேஷன்களில் பிரபலம். போதைப்பொருளில் அந்த "ஆளுகை"தான் முழு வழக்கும். அத்தான் சொன்னது: புது எஸ்.ஐ.கள் "போதையில் இருந்தார்" என்று எழுதுவார்கள். அது முடிவு. நீதிமன்றத்துக்கு வேண்டியது அந்த முடிவுக்கு முன்னால் கண்ணால் பார்த்தது. எத்தனை முறை கோட்டைத் தாண்டினான், சாவியை எந்தக் கையால் எத்தனை தரம் தவறவிட்டான், இறங்கும்போது எதைப் பிடித்துக்கொண்டான்.

ரத்தக் குழாய் பற்றியும் ஒரு வார்த்தை. சாம்பல் நிற மூடி போட்ட குழாய், உள்ளே சோடியம் ஃப்ளோரைடு. இல்லையென்றால் குழாய்க்குள்ளேயே கெட்டு அளவு மாறும். முத்திரை வைத்து, குளிர் பெட்டியில் திருநெல்வேலி தடய அறிவியல் ஆய்வகத்துக்கு.

3 செப்டம்பர் 2025, இரவு 8.10

"எல்லாம் சரி, அவர் உங்களை ஏன் நிறுத்தினார்?" என்று இரண்டாவது முறையாகக் கேட்கிறீர்கள். ஓண சீசன். எல்லா வண்டியையும் நிறுத்தினார்கள். போதுமா?

4 செப்டம்பர் 2025, விடியற்காலை 2.25

போதவில்லை. நாளை திருவோணம். இந்த நேரத்தில் தோவாளையிலிருந்து போகிற வண்டிகளின் சத்தம் இங்கே பார்வதிபுரம் வரை கேட்டுக்கொண்டிருக்கிறது; தூக்கம் வரவில்லை.

எல்லா வண்டியையும் நிறுத்தவில்லை. எனக்கு முன்னால் போன இரண்டு பூ வண்டிகளைக் கையசைத்து அனுப்பினார்கள். நான் போட்டது ஒரு மாத்திரை இல்லை. மாலையில் ஒன்று, வண்டி எடுக்கும்போது இன்னொன்று. இருமல் நிற்காததால் தக்கலை தாண்டியதும் வண்டியை நிறுத்தி, மருந்துப் பாட்டிலை அளவு மூடி இல்லாமல் வாயிலேயே சாய்த்தேன். அந்தப் பாட்டிலில் கோடீன் இருந்தது என்று இப்போது தெரியும். கோடீன் அபின் வகை. அன்று எனக்கு அது இருமல் மருந்து. ஜலதோஷ மாத்திரை கொடுக்கும் தூக்கத்தோடு அது சேர்ந்தால் என்ன ஆகும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இரவு டாக்டர் என் கண்ணில் டார்ச் அடித்திருந்தால் கண்மணி எந்த அளவில் இருந்திருக்கும் என்று 27-ஆம் தேதிக் குறிப்பை எழுதும்போதே எனக்குத் தெரியும்.

மார்த்தாண்டம் வரை நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது ஒரு சத்தம். குழித்துறை ஆற்றுப் பாலத்தில் வண்டி இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது, கைப்பிடிச் சுவர் சன்னலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பினேன். நிறுத்தவில்லை. படந்தாலுமூடு தாண்டினேன். அப்புறம்தான் டார்ச் வெளிச்சம்.

அந்த எஸ்.ஐ. டார்ச்சை முதலில் என் முகத்தில் அடிக்கவில்லை, இடப்பக்கக் கண்ணாடியில் அடித்தார். வெறும் சட்டம், ஓரத்தில் இரண்டு சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே, கதவில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கீறல். விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை என்னிடம் காட்டினார். "எந்தப் பாலம்?" என்றார்.

நான் சொன்னேன், "லோடு ஏற்றும்போது உடைந்தது சார்."

அதற்குப் பிறகுதான் ஊதச் சொன்னார். ஊதி முடித்ததும் சாப்பிட்டாயா, மருந்து உண்டா என்று கேட்டார். காலை ஆறு மணிக்கு என் சித்தப்பா மகன் பஸ்ஸில் வந்து இறங்கினான். எஸ்.ஐ. சாவியை அவன் கையில் கொடுத்தார். வழக்கு எதுவும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமா என்று அத்தானிடம் இன்னும் கேட்கவில்லை. கண்ணாடி எப்படி உடைந்தது என்று அவருக்கும் லோடுமேன் கதையைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.